தமிழ் தெரியாத முசியே

எண்பதுகளில் பாரிசின் லா சப்பலில் பள்ளிக்கூடம் போனவர்கள் இதை வாசிக்கிறவர்களில் சிலராவது இருப்பீர்கள். நமக்கெல்லாம் இப்போது வாசிக்கக் கண்ணாடி வேண்டும். மெத்ரோ ரயில் நிலையப் படி ஏறினால் நடுவில் ஒருதரம் நிற்கவேண்டும். கலியாண வீடுகளில் சந்தித்துக்கொண்டால் பள்ளிக்கூடக் கதை வரும். வந்தால் கத்திய வாத்திமார், காதைத் திருகிய வாத்திமார் என்றுதான் பேச்சுப் போகும். நான் சொல்லப்போகிறவர் அந்த வகைகளில் சேராதவர். ஒரு குளிர்காலம் மட்டும் எங்கள் வகுப்பில் இருந்தார். அதனாலோ என்னவோ, அவரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பிரான்சுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மொழி தெரியாமல் வந்த பிள்ளைகளையெல்லாம் ஒன்றாகப் போட்டு, முதலில் பிரெஞ்சு படிப்பித்துவிட்டுப் பிறகு மற்ற வகுப்புகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். அந்த வகுப்பு இரண்டாம் மாடியில் கடைசி அறை. யன்னலால் பார்த்தால் தூண்களின் மேல் ஓடுகிற மெத்ரோ தெரியும். அது போகும்போது கண்ணாடிகள் அதிரும். மாலி, போர்த்துக்கல், யூகோஸ்லாவியா, கம்போடியா என்று பத்தொன்பது பிள்ளைகள் இருந்தோம். தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர்தான். நானும், மன்னாரிலிருந்து வந்த ஒருத்தியும். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள்; வாயும் கொஞ்சம் கூட.

முதலில் எங்களுக்கு ஒரு மடம் இருந்தார்; ஆசிரியையை மடம் என்றும் ஆசிரியரை முசியே என்றும்தான் அங்கே கூப்பிடுவோம். ஒரு பிள்ளை பேசினால் கத்துவார். அந்தக் கத்தல் முடிவதற்குள் வேறு மூன்று பிள்ளைகள் பேசி முடித்திருப்பார்கள். மர அடிமட்டத்தால் மேசையில் அடிப்பார். குழப்படி செய்தவர்களின் பெயர்களைக் கரும்பலகையின் வலது ஓரத்தில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டுவிடுவார். அந்தக் கட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. மாலிப் பொடியனின் பெயர் பள்ளி தொடங்கிய வாரம் எழுதப்பட்டது, ஒக்டோபர் முடியும்வரை அப்படியே இருந்தது. தான் என்ன செய்தான் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

எங்கள் இரண்டு பேரின் பெயரும் ஒருநாளும் கட்டத்துக்குள் போகவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் அமைதியானவர்கள் என்று மடம் மற்ற ஆசிரியர்களிடம் சொல்வார். உண்மையில் வகுப்பில் நடந்த சண்டைகளில் பாதி எங்களுடையவை. போர்த்துக்கேயப் பொடியனின் தொப்பியை எடுத்து மாலிப் பொடியனின் பைக்குள் வைப்போம். சண்டை மூளும்போது இருவரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்போம். திட்டமெல்லாம் தமிழில், எல்லாருக்கும் முன்னால், சாதாரணக் குரலில். ஒளித்துப் பேசவேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை.

மடம் பிள்ளைத்தாச்சி. நவம்பர் விடுமுறை முடிந்து நாங்கள் போனபோது அவர் இல்லை. வாசலில் ஒரு மனிதர் நின்றார். கறுத்து மெலிந்தவர், முப்பது வயது இருக்கும், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. உள்ளே போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து, பெயர் கேட்டு, பெயரைத் திருப்பிச் சொன்னார். மன்னார்ப் பிள்ளை எனக்குப் பின்னால் நின்று, “எடியே, எங்கடை ஆள் போலை கிடக்கு” என்றாள்.

அவர் தன்னைப் பற்றி இரண்டு வரி சொன்னார். சைகோனில் பிறந்தவராம், மர்செய்யில் வளர்ந்தவராம். எங்களுக்கு அது போதவில்லை. இடைவேளையில் மன்னார்ப் பிள்ளை அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, என்னைப் பார்த்துச் சொல்வதுபோல, “முசியேயின்ரை சப்பாத்து நூல் அவிண்டு கிடக்கு” என்றாள். அவர் குனிந்து பார்க்கவில்லை. முகமும் அசையவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது என்று தீர்மானித்துக்கொண்டோம். நூல் உண்மையாகவே அவிழ்ந்துதான் இருந்தது. அந்த இடைவேளை முழுவதும் அவர் அவிழ்ந்த நூலோடுதான் முற்றத்தில் நடந்தார்.

அன்றே அவருக்கு நெத்தலி என்று பெயர் வைத்துவிட்டோம்.

நெத்தலி வகுப்பில் முதலில் செய்த வேலை, ஈரப் பஞ்சை எடுத்து அந்தக் கட்டத்தைத் துடைத்தது. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தன் பெயர் அழிவதை மாலிப் பொடியன் எழுந்து நின்று பார்த்தான். பிறகு முசியே மேசைகளை நகர்த்தச் சொன்னார். வரிசையாக இருந்தவை வளைவாக வந்தன. எந்தப் பிள்ளையிடமும் நாலு எட்டில் போகக்கூடிய மாதிரி வைத்தார்.

அவர் கத்தமாட்டார். நாங்கள் சத்தம் போட்டால் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பார். கோபமாக நிற்பதுமில்லை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்போல நிற்பார். சில வேளை கரும்பலகையில் மிகச் சிறிய எழுத்தில் ஏதாவது எழுதத் தொடங்குவார். என்ன எழுதுகிறார் என்று பார்க்க முன்னால் இருப்பவர்கள் பேசாமல் இருப்பார்கள். அவர்கள் வாசிப்பதைக் கேட்கப் பின்னால் இருப்பவர்களும் பேசாமல் இருப்பார்கள். குழப்படி செய்கிற பிள்ளையைக் கூப்பிடமாட்டார். படிப்பித்துக்கொண்டே நடந்துபோய் அந்தப் பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, பாடத்தைத் தொடர்வார்.

எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்தார். அப்போது பாடத் தாள்களை ஊதா மையில் அச்சடிப்பார்கள்; மெஷினிலிருந்து வந்த சூட்டோடு தாள் ஸ்பிரிட் மணக்கும். கையில் கிடைத்ததும் எல்லாரும் முகத்தில் வைத்து மோந்து பார்ப்போம். அந்தத் தாள்களைப் பங்கிடுகிற வேலையை, யாரைக் கண்டாலும் கை நீட்டுகிற போர்த்துக்கேயப் பொடியனுக்குக் கொடுத்தார். இரண்டு கையிலும் தாள் இருக்கும்போது அவன் யாரையும் அடிக்க முடியாது. மாலிப் பொடியனுக்கு யன்னல். மெத்ரோ வருவதற்கு முன் மூடவேண்டும், போனபின் திறக்கவேண்டும். அவன் நாள் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததில் குழப்படி செய்ய மறந்துபோனான்.

எங்களுடைய திட்டங்கள்தான் பிசகத் தொடங்கின. தொப்பியைப் பைக்குள் வைப்பதென்று பேசுவோம். நாங்கள் கை வைப்பதற்கு முன்னமே முசியே எல்லாரும் தங்கள் தொப்பியைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று ஒரு பாடம் தொடங்குவார், உடுப்புகளின் பெயர் படிக்க. சோக்கட்டிகளை மீன்தொட்டிக்குள் போடுவது என்று காலையில் பேசினால், மத்தியானம் மீன்தொட்டிக்கு மூடி வந்திருக்கும். மன்னார்ப் பிள்ளை இதையெல்லாம் சனியனின் வேலை என்றாள். எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. தமிழ் எங்களுக்குச் சுவர் மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்கலாம் என்று பத்து வயதில் ஏன் நினைக்கவேண்டும்.

பெரிய மடத்துக்கு, அதாவது தலைமையாசிரியைக்கு, அவரைப் பிடிக்கவில்லை. பழைய மடம் கத்துவது கீழ்மாடிவரை கேட்கும். அந்தக் கத்தலைத்தான் பெரிய மடம் கட்டுப்பாடு என்று எண்ணியிருந்தார். இப்போது எங்கள் அறைக்கு வெளியே வந்து நின்று கேட்பார். கதவுக் கண்ணாடியில் அவருடைய தலைமயிர் தெரியும். உள்ளே பிள்ளைகள் எழுந்து நடப்பதையும், ஆசிரியர் ஒரு மூலையில் குந்தி இருப்பதையும் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் நடைபாதையில் வைத்து, இது வகுப்பா சந்தையா என்று அவரிடம் கேட்டது எங்களுக்கும் கேட்டது. அதன் பிறகு, கல்வி அதிகாரி ஒருவர் வந்து பார்க்கப்போகிறார் என்றார்கள். முசியேயின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அந்த அதிகாரி எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று கம்போடியப் பிள்ளை எங்கிருந்தோ கேட்டு வந்து சொன்னாள்.

நானும் மன்னார்ப் பிள்ளையும் ஒரு முடிவு எடுத்தோம். அதிகாரி எது கேட்டாலும் பிரெஞ்சு விளங்காததுபோல முழிப்பது. அவர் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்து பார்க்கலாம் என்று இருந்தது, அவ்வளவுதான். “நெத்தலி நல்லா வறுபடப் போகுது” என்று மன்னார்ப் பிள்ளை சொன்னபோது அவர் எங்களுக்கு இரண்டு அடி தள்ளி நின்று சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்த காலை, முசியே எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வகுப்பை அதிகாரிக்குச் சுற்றிக் காட்டுவது எங்கள் பொறுப்பு என்றார். மீன்தொட்டி, படங்கள், வேலைப் பட்டியல், எல்லாவற்றையும் நாங்கள்தான் விளக்கவேண்டுமாம். தான் பின்னால் இருப்பாராம். ஒரு சிவப்பு நாடாவும் தந்தார், கையில் கட்ட. நாடா கட்டிய கையோடு முழித்துக்கொண்டு நிற்க முடியுமா. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் அன்று அந்த மனிதருக்கு முன்னால் கொட்டினேன். மன்னார்ப் பிள்ளை ஒருபடி மேலே போய், மீன்களுக்கு ஆளுக்கொரு பெயர் இருப்பதாகப் பொய்யும் சொன்னாள். அதிகாரி சிரித்துக்கொண்டு எழுதினார்.

இனி என் வீட்டு விஷயத்தைச் சொல்லவேண்டும். நாங்கள் இருந்தது பாரிசுக்கு வெளியே ஒபர்வில்லியேயில், ஒரு ஒற்றை அறையில். அந்த அறையை இன்னொருவரிடமிருந்து உள்வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர் எங்கள் பெயரில் ஒரு கடிதமும் தரமாட்டேன் என்றுவிட்டார். விலாசக் கடிதம் இல்லாமல் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள். அப்பா உணவகம் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவினார். அம்மா லா சப்பலில் ஊர்க்காரர் ஒருவரின் கடையில் வேலை செய்தார். நான் கடை மாமா என்று கூப்பிடும் அந்த முதலாளி, நாங்கள் தன் கடைக்கு மேல் குடியிருப்பதாக எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் எனக்கு அந்தப் பள்ளி கிடைத்தது. அப்பாவின் அகதி விசாரணை முடியாத காலம். இந்தப் பொய் வெளியே வந்தால் அதையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்று அப்பா நம்பினார். வீட்டில் தினமும் சொல்லி அனுப்புவார், ஒபர்வில்லியே என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று. பிரெஞ்சில் ஒருநாளும் வரவில்லை. தமிழில் தினமும் வந்தது.

தை மாதம் பஸ் வேலைநிறுத்தம் வந்தது. மூன்று நாள் நான் பள்ளிக்குப் போகவில்லை. நாலாம் நாள் காலை அம்மாவோடு நடந்தே வந்தேன். பனியில் காலுறைவரை நனைந்துவிட்டது. கதவடியில் நின்று மன்னார்ப் பிள்ளையிடம், “பஸ் இல்லை, ஒபர்வில்லியேயிலை இருந்து நடந்து வந்தனாங்கள்” என்றேன். முசியே வரவுப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். கடைக்கு மேலே, பள்ளிக்கு இருநூறு அடியில் இருக்கிற பிள்ளை பஸ் இல்லாமல் வரவில்லை என்றால் யாருக்கும் கேள்வி வரும். அவர் என்னைப் பார்த்துப் பிரெஞ்சில், “உனக்குக் காய்ச்சல், இல்லையா?” என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். காய்ச்சல் என்று எழுதினார்.

இடைவேளையில் நாங்கள் சிரித்தோம். நெத்தலிக்கு ஒன்றும் தெரியாது என்றாள் மன்னார்ப் பிள்ளை.

மாசியில் ஒரு கடிதம் திரும்பி வந்தது. பள்ளியிலிருந்து தடுப்பூசி பற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பியது. கடையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரிய மடம் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அப்பா வேலைக்குப் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டு, கலியாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு இப்போதும் நினைவில் நிற்பது அந்த அறையின் சூடு. அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. கோட்டைக் கழற்ற வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. காதோரம் வியர்வை ஓடியது. பெரிய மடம் கடித உறையை மேசையில் வைத்தார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். பிள்ளை வேண்டாம் என்றார் அவர். ஆளனுப்பி முசியேயைக் கூப்பிட்டார். முசியேயின் குடும்பப் பெயர் பாண்டிச்சேரிப் பெயர், முகமும் எங்கள் முகம். இவர் கதைத்துச் சொல்லட்டும் என்பது அவருடைய எண்ணம்.

முசியே உள்ளே வந்ததும் அப்பா எழுந்துவிட்டார். பாரிசுக்கு வந்த பிறகு ஒரு அலுவலகத்துக்குள் தன் நிறத்தில் ஒருவரை அப்பா கண்டது அதுதான் முதல் தடவை. கையெடுத்துக் கும்பிட்டார்.

“மாஸ்டர், நீங்கள்தான் எங்களைக் காப்பாத்தவேணும். நாங்கள் இருக்கிறது ஒபர்வில்லியேயிலை. அங்கை வீட்டுக்காரன் பேப்பர் தரமாட்டன் எண்டிட்டான். அதாலைதான் கடை விலாசத்தைக் குடுத்தனாங்கள். என்ரை விசாரணை இன்னும் முடியேல்லை. இதை அவ எழுதி அனுப்பினாவெண்டால் எங்கடை கதை முடிஞ்சுது.”

பெரிய மடம், என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாது, மடம். அந்த மொழி எனக்குத் தெரியாது.”

பெரிய மடம் முசியேயை நம்பமுடியாமல் பார்த்தார். உங்கள் பெற்றோர் பாண்டிச்சேரி அல்லவா என்றார். முசியே சைகோனையும் மர்செய்யையும் திருப்பிச் சொன்னார். ஒரு சொல்லும் விளங்கவில்லையா என்று பெரிய மடம் மறுபடி கேட்டார். ஒரு சொல்லும் இல்லை என்றார் அவர்.

அப்பாவுக்குப் பிரெஞ்சு வராது. ஆனால் ‘இல்லை’, ‘தெரியாது’ இரண்டும் விளங்கும்; அந்த நாட்டில் அவர் அதிகம் கேட்ட சொற்கள் அவை. கும்பிட்ட கை மெதுவாகக் கீழே இறங்கியது.

பிறகு முசியே கடித உறையை எடுத்துப் பார்த்தார். இந்தப் பகுதிப் பழைய கட்டடங்களில் தபால் பெட்டியில் பெயர் ஒட்டாமல் விட்டுவிடுவார்கள், கடிதம் இப்படித் திரும்புவது வழக்கம் என்றார். என் பக்கம் திரும்பி, எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாக, அங்கே பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. பெரிய மடம் பெருமூச்சு விட்டு, பெயரை ஒட்டச் சொல், இனிமேல் இப்படி நடக்கக்கூடாது என்று அப்பாவிடம் சொல் என்றார். அதோடு விஷயம் முடிந்தது. அன்று பின்னேரமே கடை மாமா ஒரு மட்டைத் துண்டில் எங்கள் பெயரை எழுதி ஒட்டினார்.

கடவுள் காப்பாற்றினார் என்றார் அம்மா. தபால் பெட்டி காப்பாற்றியது என்று நான் நினைத்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது தமிழன் என்று, கொஞ்சம் விளங்கியிருந்தாலும் இரண்டு சொல் எனக்காகப் பேசியிருக்கலாம் என்று பிறகு அம்மாவிடம் சொன்னார்.

இரண்டு மூன்று கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம். காலையில் பள்ளி முடிந்து நான் கடையின் பின்பக்கம் அரிசி மூட்டையில் இருந்து வீட்டுவேலை செய்துகொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் தமிழ்க் கடைகள் லா சப்பலில் நாலைந்துதான், சனிக்கிழமையில் உள்ளே நிற்க இடம் இருக்காது. வாழைக்காயும் கருவேப்பிலையும் ஈரக் கோட்டுகளும் சேர்ந்து மணக்கும். அப்பா அன்று லீவு, கல்லாவடியில் கடை மாமாவோடு நின்றார். கருவாட்டுப் பெட்டிகள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அம்மா, நெத்திலி இருக்கு. எடுத்துக்கவா?”

எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பக்கத்தில் சேலைக்கு மேல் கோட்டுப் போட்ட வயதான அம்மா. முசியே நெத்திலிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா ஏதோ சொன்னார்; அவர் மறுபடி தமிழில் பதில் சொன்னார். பேச்சு எங்கள் பேச்சு இல்லை, பாண்டிச்சேரிப் பேச்சு. ஆனால் தங்குதடை இல்லாத தமிழ். நாலு மாதமாக அவர் காதுக்கு முன்னால் நாங்கள் பேசியதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கியது.

அப்பாவும் கேட்டுவிட்டார். நடந்து அவர்களிடம் போனார். முசியேயைப் பார்க்காமல் அந்த அம்மாவிடம்தான் பேசினார்.

“இவர் உங்கடை மகனோ, அம்மா?”

“ஆமாங்க, என் புள்ளதான். இங்க எக்கோல்ல பாடம் சொல்லித் தரான்.” அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. யாரோ தெரிந்தவர் என்று நினைத்திருப்பார்.

“அந்தப் பள்ளிக்கூடத்திலைதான் என்ரை பிள்ளையும் படிக்குது. உங்கடை மகன் தனக்குத் தமிழ் தெரியாது எண்டு சொன்னவர், அம்மா. நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டனான். ஒரு சொல்லும் விளங்கேல்லை எண்டு வெள்ளைக்காரிக்கு முன்னாலை சொன்னவர். தாயோடை கதைக்கிற பாஷையைத் தெரியாது எண்டு சொல்லுற பிள்ளையை நான் இப்பதான் பாக்கிறன்.”

அப்பா குரலை உயர்த்தவில்லை. ஆனால் கடையில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேருக்கும் கேட்டது.

அந்த அம்மா மகனை நிமிர்ந்து பார்த்தார். “அப்படியா சொன்ன?”

“ஆமாம்மா,” என்றார் முசியே.

பொட்டலத்தை இருந்த இடத்தில் வைத்தார். தாயின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அந்த அம்மா நகரவில்லை. மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரை முந்திக்கொண்டு வெளியே போனார். தெருவில் அவர் தாயின் முழங்கையைப் பிடிக்கப் போனதையும், தாய் கையை இழுத்துக்கொண்டதையும் கண்ணாடி வழியாகக் கண்டேன். கடையில் ஒருவர், பாண்டிச்சேரிக்காரருக்கு எப்போதும் இந்தக் குணம்தான் என்றார். இரண்டு மூன்று பேர் ஓம் என்றார்கள்.

திங்கட்கிழமை வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா விடவில்லை. வாசலில் முசியே வழக்கம்போல எனக்குக் கை கொடுத்தார், பெயர் சொன்னார். அன்று முழுவதும் நானும் மன்னார்ப் பிள்ளையும் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்; அவள் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துவிட்டு அழுதேவிட்டாள். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் இடைவேளைக்கு மணி அடித்தபோது எங்களை நிற்கச் சொன்னார்.

“நீங்கள் இரண்டு பேரும் பேசுங்கள்,” என்றார் பிரெஞ்சில். “இந்த அறையில் எனக்குப் பிரெஞ்சு மட்டும்தான் கேட்கும்.”

நாங்கள் பேசத் தொடங்கினோம். ஆனால் அவருக்குக் கேட்கும் என்று தெரிந்த பிறகு பேசுவதற்கு ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை. தொப்பிகள் அவரவர் பைகளில் இருந்தன.

ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு பழைய மடம் திரும்பி வந்தார். முசியேயை வேறு எங்கோ அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் என்று அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வகுப்புக் குழம்பும் என்று நினைத்திருக்கலாம். மேசைகள் மறுபடி வரிசைக்குப் போயின. முதல் கிழமையிலேயே கரும்பலகையில் கட்டம் வந்தது, அதற்குள் மாலிப் பொடியனின் பெயர் வந்தது. அவன் அந்த வருடம் முடியுமுன் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டான்.

நான் வளர்ந்து மொழிபெயர்ப்பாளர் ஆனேன். உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் செய்து முத்திரை வாங்கியவள். நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எங்கே கூப்பிட்டாலும் போகவேண்டும். சில வருடங்களுக்கு முன் எபினே-சூர்-செய்னில் ஒரு பள்ளிக்குப் போனேன். ஒரு தாய், ஒரு சின்ன மகன், விலாசத்தில் ஏதோ சிக்கல். நான் உள்ளே போனதும் அந்தப் பெண் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா, நாங்கள் இங்கே இல்லை, வேறு இடத்தில் ஒரு அறையில் இருக்கிறோம், இவர்களுக்குச் சொல்லிவிடாதேங்கோ என்று அழுதாள். அதிபர் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

பதில் சொல்ல எனக்கு இரண்டு விநாடி இருந்தது. அந்த இரண்டு விநாடிக்குள்தான் பத்து வயதில் கண்டது எனக்கு விளங்கியது. தமிழ் தெரியும் என்று முசியே சொல்லியிருந்தால், என் அப்பா சொன்னதை எல்லாம் அவர் பெரிய மடத்துக்குச் சொல்லவேண்டியிருந்திருக்கும், அல்லது எங்களுக்காகப் பொய் மொழிபெயர்க்கவேண்டியிருந்திருக்கும். வேலை நிரந்தரமாகாத ஒருவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார், அப்பா பேசி முடிக்கும் முன்னமே. கடையில் ஏன் விளக்கம் சொல்லவில்லை என்பதும் விளங்கியது. அத்தனை பேருக்கு முன்னால் எங்கள் விலாசத்தைச் சொல்லாமல் அதை விளக்க முடியாது.

எனக்கு அந்த மூன்றாவது வழி இருக்கவில்லை. அந்தப் பெண் சொன்னதைச் சொன்னபடி அதிபருக்குச் சொன்னேன். அது என் தொழில். பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடம் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஞாயிறு பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிற பொண்டிக்குப் போனேன். அப்பா இப்போது அங்கே என் தம்பியோடு இருக்கிறார். அம்மா போய் நாலு வருடம். நான் போனபோது அப்பா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: சப்பாத்து நூல், காய்ச்சல், தபால் பெட்டி, எபினே. அப்பா சுளை சுளையாகப் பிரித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் தோலை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார்.

“அந்த மனுசி அண்டைக்கு மகனை ஒரு பார்வை பாத்தவ,” என்றார். “அவர் பிறகெண்டாலும் தாயிட்டைச் சொல்லியிருப்பாரோ?”

வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார் என்றேன், அப்பாவைத் தேற்றுவதற்காக.

அப்பா தலையை ஆட்டினார்.

“சொல்லியிருக்க மாட்டார், பிள்ளை. சொல்லுற ஆளெண்டால் முதலிலை எனக்கெல்லோ சொல்லியிருப்பார்.”